கட்டம் போட்ட காலம்

‘புராஜெக்ட் மேனேஜர்’ என்று அழைக்கப்படுகிறவரின் அறிவு எங்கே இருக்கிறது? அவர் படித்துத் தேறிய புத்தகத்திலா, வேலை நடக்கிற இடத்திலா? கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் யாருக்குத் தெரிந்ததை அறிவென்று ஒத்துக்கொள்வது, யாருக்குத் தெரிந்ததை வெறும் ‘அனுபவம்’ என்று ஒதுக்குவது என்கிற அரசியல் இதற்குள்தான் கிடக்கிறது.

புத்தகம் பெரியது. 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிட்யூட் 1996இல் ‘பிம்பாக்’ என்ற கையேட்டை வெளியிட்டது. அதில் 37 செயல்முறைகள். 2017 பதிப்பில் அவை 49 ஆயின. 2021இல் அந்தப் பட்டியலையே பின்னுக்குத் தள்ளி 12 கோட்பாடுகளை முன்னே வைத்தார்கள். ஒரு துறை தன் வேதத்தை இப்படித் திருத்திக்கொண்டே போகிறது என்றால், நடைமுறை அதற்குள் அடங்க மறுக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் பொலாரிஸ் ஏவுகணைக்காக அமெரிக்கக் கடற்படை 1958இல் ‘பெர்ட்’ முறையை உருவாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால மதிப்பீடுகள்: எல்லாம் கூடி வந்தால், வழக்கம்போல் நடந்தால், எல்லாம் கெட்டுப்போனால். இவற்றிலிருந்து ஒரு சராசரி. வேலைகளை வலையாகக் கோத்துப் பார்த்தால், எது பிந்தினால் மொத்தமும் பிந்தும் என்று புலப்படும். 1960இல் ஏவுகணை நீருக்கடியிலிருந்து பறந்தது. பெர்ட்டின் புகழும் கூடவே பறந்தது. ஆனால் ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் எழுதிய ஆய்வு நூல் வேறு கதை சொல்கிறது. தொழில்நுட்ப ஆட்கள் பெர்ட்டைப் பெரிதாக நம்பியிருக்கவில்லை. வெளியிலிருந்து கேள்வி கேட்பவர்களைத் தள்ளி நிறுத்தத்தான் அது கைகொடுத்தது என்கிறார் அவர். அதாவது வரைபடம் வேலை செய்தது, ஆனால் சடங்காக.

அப்படியானால் எல்லாம் வெறும் வேஷமா? அப்படி முடித்துவிடவும் முடியாது. ஒரு கட்டட வேலையைப் பாருங்கள். அட்டவணையில் வியாழக்கிழமை கான்கிரீட் என்று கட்டம் போட்டிருக்கிறது. மணல் லாரி வரவில்லை, கம்பி கட்டுகிறவர் ஊருக்குப் போய்விட்டார், வானம் இருட்டுகிறது. மேனேஜர் மேஸ்திரியிடம்தான் கேட்கிறார்: “என்ன செய்யலாம்?” மேஸ்திரி சொல்கிறபடி வேலை மாற்றிப் போடப்படுகிறது. ராத்திரி அட்டவணை திருத்தப்படுகிறது, முதலிலேயே அப்படித்தான் திட்டமிட்டிருந்ததுபோல. செயலின் நடுவிலேயே யோசிப்பதுதான் தொழில்திறன் என்று டொனால்ட் ஷோன் 1983இல் எழுதினார். சரிதான். ஆனால் அந்த யோசனை யாருடையது, அறிக்கையில் யார் பெயரில் பதிவாகிறது?

தொழிலாளிகளின் கைப்பழக்க அறிவைத் திரட்டி, வகைப்படுத்தி, விதியாக்குவது நிர்வாகத்தின் கடமை என்று டெய்லர் 1911இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். அவரோடு வேலை பார்த்த கான்ட்டின் பெயரில்தான் இன்றைய கட்ட அட்டவணைகள் வழங்குகின்றன. அறிவு மேலே போகிறது, பழி கீழே வருகிறது.

இதை எதிர்க்கிறோம் என்று விதியையே தூக்கி எறிந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 (2000), சாதாரண சிமெண்டில் போட்ட, 4.5 மீட்டருக்கு மேல் அகலும் தளத்தின் முட்டுகளை 14 நாட்களுக்குமுன் எடுக்கக்கூடாது என்கிறது. சீக்கிரம் பிரிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கடி வரும்போது, தளத்தின் அடியில் நிற்கிறவருக்கு அந்த எண் உயிர்க்காப்பு. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததைச் சொல்ல இடமும் இருக்க வேண்டும்.

ஆகவே சண்டை புத்தகத்தோடு அல்ல. புத்தகத்தை யார் திறக்கலாம், ஓரத்தில் யார் எழுதலாம் என்பதோடுதான். அட்டவணை தொங்குகிற அறைக்குள் மேஸ்திரிக்கு நாற்காலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வேலையிடத்தின் ‘தொழில்முறை’ எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.