டம்ளரை அந்தக் கையிலேயே விடுங்கள்

காபி டம்ளரை எடுக்கும்போது அப்பாவின் கை நடுங்குகிறது. டம்ளர் டபராவில் மோதிச் சத்தம் எழுகிறது. "விடுங்கப்பா, கொட்டிடப்போறீங்க" என்று மகளோ மருமகளோ ஓடிவந்து வாங்கி, வாயருகே பிடிக்கிறார். பல வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான். அதிலிருக்கும் அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், நடுக்கத்தைப் பற்றி மருத்துவம் அறிந்துவைத்திருப்பதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், இந்த உதவி பெரும்பாலும் தவறான இடத்தில் செய்யப்படுகிறது என்றே சொல்லவேண்டியிருக்கிறது. நடுங்கும் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்வதைவிட, அந்தக் கை எந்தப் பாத்திரத்தை, எப்படி உட்கார்ந்து, யார் பார்வையில் தூக்குகிறது என்பதை மாற்றுவதில்தான் பலன் அதிகம்.

அதற்கு முதலில், இது எந்த நடுக்கம் என்று தெரியவேண்டும். கை நடுங்கினாலே பார்க்கின்சன் நோய் என்று அஞ்சுகிறவர்கள் ஒரு பக்கம், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறவர்கள் மறுபக்கம். இரண்டுமே சரியில்லை. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் வெளியிட்ட சிறு நூலில் விவரித்த நடுக்கம், கை சும்மா மடியில் கிடக்கும்போது வருவது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசையும். ஒரு பொருளை எடுக்கக் கை நீளும்போது குறையும். இதைவிட அதிகம் பேருக்கு இருப்பது 'எசென்ஷியல் ட்ரெமர்' என்னும் நடுக்கம். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவரிடம் இதைக் காணலாம். மடியில் இருக்கும் கை அமைதியாக இருக்கும். டம்ளரைத் தூக்கினால், பேனாவைப் பிடித்தால், சட்டைப் பொத்தானைப் போட்டால் நடுங்கும். பெரும்பாலும் இரண்டு கைகளிலும் வரும். பலருக்கு அம்மாவிடமோ அப்பாவிடமோ இது முன்பே இருந்திருக்கும். நரம்பியல் மருத்துவர் ஒரு தாளில் சுருள் கோடு வரையச் சொல்வதும், ஒரு வரி எழுதச் சொல்வதும் இந்த இரண்டையும் பிரித்தறியத்தான். பார்க்கின்சனில் எழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். மற்றதில் கோடு பெரிதாகவே இருக்கும், ஆனால் அலையலையாக நெளியும். கை சும்மா இருக்கும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் எப்படி இருக்கிறது என்று செல்போனில் சில நொடி வீடியோ எடுத்துக்கொண்டு போனால், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கூடவே, வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சரிசெய்யக்கூடிய நடுக்கங்கள் பல அந்தப் பையில்தான் இருக்கின்றன. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், வலிப்புக்கான வால்புரோயேட், மனநலத்துக்கான லித்தியம் ஆகியவை கையை நடுங்க வைக்கலாம். தைராய்டு மாத்திரையின் அளவு கூடினாலும் நடுங்கும். நம் ஊரில் அதிகம் கவனிக்கவேண்டியது லெவோசல்பிரைடு. நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரப்படும் காப்ஸ்யூல்கள் சிலவற்றில் இது சேர்ந்திருக்கும். மூளையில் டோபமினின் வேலையைத் தடுப்பதால், முதியவர்களுக்கு இது பார்க்கின்சன் போலவே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவந்துவிடும். தலைசுற்றலுக்கான சின்னாரிசினும் ஃப்ளுனாரிசினும் இதைச் செய்யக்கூடியவை. மருத்துவர் நிறுத்தச் சொன்னபின், வாரங்களிலோ மாதங்களிலோ பலருக்கு இது சரியாகிவிடுகிறது. நாமாக எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையை அப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இனி, நம் பார்வைக்கு வருவோம். நடுக்கமே இல்லாத கை உலகில் கிடையாது. ஆரோக்கியமான கையும் நொடிக்கு 8 முதல் 12 தடவை, கண்ணுக்குத் தெரியாத அளவில், அசைந்துகொண்டுதான் இருக்கிறது. பதற்றம் வரும்போது சுரக்கும் அட்ரினலின், தசைகளில் உள்ள பீட்டா ஏற்பிகளைத் தூண்டி அந்த அசைவைப் பெரிதாக்குகிறது. இந்த ஏற்பிகளைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற பழைய மருந்துதான் எசென்ஷியல் ட்ரெமருக்கு இன்றும் முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. கையை நிலைப்படுத்தும் என்பதாலேயே துப்பாக்கி சுடும் போட்டிகளில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் ஒருவர், இந்த மருந்தால், வென்ற இரண்டு பதக்கங்களையும் இழந்தார். அப்படியானால் சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரு டம்ளரையே உற்றுப் பார்க்கும்போது என்ன நடக்கும்? "பாத்து, பாத்து" என்ற குரல் கேட்கும்போது? அட்ரினலின் ஏறுகிறது, நடுக்கம் கூடுகிறது, காபி சிந்துகிறது. 'பார்த்தீர்களா, தனியாக விட முடியாது' என்ற நம் முடிவுக்கு நாமே சாட்சியத்தை உண்டாக்கிவிடுகிறோம். கல்யாணப் பந்தியில் உட்காரமாட்டேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று முதியவர் ஒதுங்கத் தொடங்குவது இப்படித்தான். பேச்சை வேறு பக்கம் திருப்பி, கண்ணை அவரவர் இலையில் வைத்துக்கொள்வது நாம் எல்லோரும் இன்றைக்கே செய்யக்கூடிய சிகிச்சை.

அடுத்தது பாத்திரம். சூடான காபி இருக்கும் எவர்சில்வர் டம்ளரை எப்படிப் பிடிக்கிறோம் என்று கவனியுங்கள். கைப்பிடி கிடையாது, உடல்பகுதி சுடும், அதனால் மேல்விளிம்பை மட்டும் விரல்நுனிகளால் பற்றி, முழங்கை அந்தரத்தில் தொங்க, விளிம்புவரை நிரம்பியதை வாய்வரை தூக்குகிறோம். நடுங்கும் கைக்கு இதைவிடக் கடினமான வேலையை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். மணிக்கட்டில் எழும் சிறு அசைவு, அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு பெரிதாகும். எனவே நாற்காலியை மேஜைக்கு நெருக்கி, இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றி, பெரிய கைப்பிடியுள்ள கனமான கோப்பையில் பாதியளவு ஊற்றி, இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தால் சிந்துவது வெகுவாகக் குறையும். வெளியிடங்களில் மூடி போட்ட குவளையும் ஸ்ட்ராவும் போதும். கரண்டி விஷயமும் இதே கணக்குதான்: அதன் நுனி விரலைவிடத் தள்ளி இருப்பதால் நடுக்கத்தைப் பெரிதாக்கிவிடும். கையால் சாப்பிடும் நம் வழக்கம் இங்கே பலருக்கு வசதி. ரசத்தைத் தளரப் பிசையாமல், சாதத்தைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்தால் உருண்டை சிதறாமல் வாய்க்குப் போகும். எடை கூட்டிய கரண்டி சிலருக்கு உதவுகிறது, சிலருக்குக் கை வலிக்கிறது. பழகிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் அசைந்து ஈடுகட்டும் மின்னணுக் கரண்டிகளும் வந்துள்ளன. விலை அதிகம். டம்ளரைப் பாதி நிரப்புவதற்குச் செலவே இல்லை.

சூடான காபி மேலே கொட்டிச் சுட்டுவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்பது நியாயமான கேள்வி. கொதிக்கும் குக்கரை இறக்குவது, அரிவாள்மனையில் நறுக்குவது, இன்சுலின் ஊசி போடுவது போன்றவற்றை வேறொருவர் செய்வதே சரி. தவறினால் உடம்புக்குக் கேடு என்றால் நாம் செய்யலாம். தவறினால் சட்டையோ தரையோதான் கறைபடும் என்றால் அவரிடமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. காபியைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுத்தாலே அது இரண்டாவது வகைக்கு வந்துவிடுகிறது. காலை நேர அவசரத்தில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்பதும் வெற்றுச் சாக்கல்ல. பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருவரே இதையும் சுமக்கிறார். ஆனால் பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டிய சட்டையும், கால் மணி நேரம் முன்னதாக எழுவதும் அந்தச் சுமையைக் குறைப்பவைதான்.

இன்னொரு வாதம்: நல்ல மருந்தும் அறுவை சிகிச்சையும் இருக்கும்போது டம்ளரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? மருந்து அவசியம்தான். ஆனால் புரோப்ரனலாலும் பிரிமிடோனும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் நன்றாகக் கேட்கின்றன; கேட்பவர்களுக்கும் நடுக்கம் சுமார் பாதியளவே குறைகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் புரோப்ரனலால் எடுக்கக் கூடாது. மூளைக்குள் மின்முனை பொருத்தும் முறையை 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் தொடங்கிவைத்தார். மண்டையைத் திறக்காமலே மீயொலியைக் குவித்துச் செய்யும் சிகிச்சைக்கு 2016இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இரண்டும் அருமையான முன்னேற்றங்கள். மருந்துக்கு அடங்காத கடும் நடுக்கம் உள்ளவர்களுக்கு வாழ்வையே மாற்றக்கூடியவை. மற்ற எல்லோரும் மிச்ச நடுக்கத்தோடுதான் நாளைக் கடத்தவேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்கோ மருந்தின் நேரமே பாதி உதவி. அதற்கான முக்கிய மருந்தான லெவோடோபா குடலில் உறிஞ்சப்படும்போது புரதம் அதோடு போட்டியிடும் என்பதால், பருப்புச் சாம்பாருக்கோ பாலுக்கோ அரை மணி நேரம் முன்பே, நாள்தோறும் அதே வேளையில் மாத்திரையைக் கொடுக்கவேண்டும். பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா இருக்கிறது. அதன் பொடியை மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்தால் அளவு கூடிப்போகும்.

வீட்டார் கடைசியில் வாங்கிக்கொள்வது பேனாவை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காசோலை ஒருமுறை திரும்பினாலே, பணம் காசு எல்லாவற்றையும் மகன் பொறுப்பில் எழுதிவைத்துவிடும் பேச்சு வந்துவிடுகிறது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கையெழுத்துப் போட இயலாத முதியவர், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க, கைரேகை வைத்தே தன் பணத்தை எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் வகைசெய்கின்றன. பார்க்கின்சன் நோயை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தான் அங்கீகரிக்கும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். கைரேகை வசதியை அவர் வாயாலேயே கேட்கட்டும்.