உங்களுக்குத் தெரியுமா? கீமோ நாளில் ஒரு பாட்டு

புற்றுநோய் சிகிச்சையின்போது இசை கேட்பதும் பாடுவதும் பெரியவர்களின் மனப்பதற்றத்தைக் குறைக்கக்கூடும். 81 ஆய்வுகள், 5,576 நோயாளிகள்: அத்தனையையும் அலசி 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு கண்ட முடிவு இது.

• வலியும் உடற்சோர்வும் மனச்சோர்வும் தணியலாம். கட்டியை இசை கரைக்காது. மருந்தை நிறுத்தவே கூடாது.

• பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் நோயாளியோடு சேர்ந்தே பாடுவார், வாசிப்பார். புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக்கென்றே தனி மையம் உண்டு.

• நோயில் பாடுவது நமக்குப் புதிதல்ல: கடும் சூலை நோயின் (வயிற்று வலி) வேதனையில், திருவதிகையில் பாடத் தொடங்கியவர் அப்பர் என்கிறது பெரியபுராணம். நம்ம பெண்ணாடம் தூங்கானை மாடக் கோயிலுக்கும் அவர் பதிகம் பாடியிருக்கிறார்!

• வீட்டில் யாராவது கீமோவுக்குப் போகிறார்களா? பிடித்த பாட்டுகளைக் கைபேசியில் ஏற்றிக் கொடுங்கள். தேர்வு அவருடையதாக இருக்கட்டும்.