சிட்டிகை உப்பில் என்ன இருக்கிறது?

இமாசலப் பிரதேசத்தில் காங்ரா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மலை, ஆறு, வயல் எல்லாம் உண்டு. ஆனாலும் ஒரு காலத்தில் அங்கே பலருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. இதைக் கழுத்துக் கழலை என்பார்கள்.

அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. சோறும் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டார்கள். பிறகு ஏன் இந்த நோய்?

குறை மண்ணில் இருந்தது. மண்ணில் அயோடின் என்ற சத்து உண்டு. மலைச் சரிவில் பெய்யும் மழை அதை அரித்துக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் விளைந்த தானியத்திலும் காய்கறியிலும் அயோடின் மிகக் குறைவு. நம் கழுத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். கிடைக்காவிட்டால் அது பெருத்து வீங்கும்.

வீக்கம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு அதைவிடப் பெரிது. கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தைக்கு மூளை வளர்ச்சி குன்றலாம். காது கேளாமல், பேச்சு வராமல் போகலாம். இதைப் பிறகு சரிசெய்வது கடினம்.

1956-இல் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவருடன் இருந்தவர்களும் காங்ராவில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு போயிற்று. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். இரண்டு பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்திருந்தது. மூன்றாவது பகுதியில் குறையவே இல்லை. பிறகு அந்த மக்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். பாவம், அவர்கள் ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏன் உப்பில் கலந்தார்கள்? ஏழை, பணக்காரர் எல்லாருமே தினமும் உப்பு சாப்பிடுகிறோம் அல்லவா? வேண்டிய அளவும் மிகச் சிறியது. எழுபது ஆண்டு வாழ்பவருக்கு மொத்தம் நான்கு கிராம் அயோடின்கூட வேண்டாம். ஆனால் அதை மொத்தமாகச் சாப்பிட முடியாது. தினமும் துளித்துளியாகச் சேர வேண்டும்.

2006 முதல், நாம் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்தியா முழுவதற்கும் சட்டம். கடையில் உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுங்கள். 'அயோடின் கலந்த உப்பு' என்று அச்சிட்டிருக்கிறதா? நீங்களே படித்துப் பாருங்கள்.

வீட்டில் உப்பை மூடி வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். சிலர் கல் உப்பைக் கழுவுவார்கள். அழுக்கோடு அயோடினும் போய்விடும். குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது.

அயோடினுக்காக உப்பைக் கூட்டிப் போட வேண்டாம். உப்பு அதிகமானால் இரத்தக் கொதிப்பு வரும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும்.