கொல்லைக் கோழியும் நம் கடை முட்டை அட்டையும்

பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தவுடன் நம்மில் பலர் முதலில் விசாரிப்பது நாமக்கல் முட்டை விலையைத்தான். வியாபாரிக்கு அது இயல்பு. ஆனால் அந்த நாட்களில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கடைக்கு வரும் வாடிக்கையாளர் வீட்டுக் கொல்லையில் மேய்ந்து கொண்டிருக்கிறது. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி சுற்றுவட்டாரக் கிராமங்களில் பலசரக்குக் கடை வைத்திருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து நாட்டு முட்டையைத் தூக்குவாளியில் கொண்டு வந்து கொடுத்து, கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சீனியும் தேயிலையும் வாங்கிப் போகும் ஆச்சிமார் இன்றும் உண்டு. அவர்களுடைய ஐந்தாறு கோழிகள் ஒரே வாரத்தில் செத்தால், நம் பற்று நோட்டிலும் அது தெரியும்.

நம் நாட்டில் இந்நோய் முதலில் உறுதி செய்யப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில். அது தொலைவு. மலைக்கு அந்தப்பக்கம் அப்படியல்ல. கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களின் வாத்துகளுக்கு 2014-லும், மறுபடி 2021 ஜனவரியிலும் வந்தது. 2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டம் எடத்துவா, செறுதனை ஊர்களில் வந்தது. இத்தகைய சமயங்களில் புளியரை சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்தி மருந்து தெளிப்பதை நம் உறுப்பினர் பலர் நேரில் கண்டிருப்பார்கள். வண்டிச் சக்கரத்தில் மருந்து அடிப்பது எதற்கு என்று சிலர் முணுமுணுப்பதும் உண்டு. காரணம் இருக்கிறது. நோய்ப்பட்ட பறவையின் எச்சத்திலும் சளியிலும் கிருமி இருக்கிறது. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள எச்சத்தில் அது பல நாள் உயிரோடிருக்கும். சக்கரம், செருப்பு, சாக்கு எதில் ஒட்டினாலும் கூடவே பயணம் போகும்.

கூந்தன்குளத்துக்கு வரும் வெளிநாட்டுப் பறவைகள்தான் நோயைக் கொண்டு வருகின்றன என்று பேசுவார்கள். நீர்ப்பறவைகள் கிருமியைச் சுமப்பது உண்மைதான். அதற்காக அவற்றை விரட்டுவதில் பயனில்லை. விரட்டினால் வேறு குளத்துக்குத்தான் போகும். நம் கோழியை அவற்றோடு கலக்க விடாமல் இருப்பதே வழி. பிசானம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்களை மேய விடுவார்கள். வாத்துக்கு நோய் இருந்தும் வெளியே தெரியாமல் இருக்கக் கூடும். எனவே நோய்ச் செய்தி உள்ள காலத்தில் கோழிகளை வயலுக்கும் வாய்க்கால் கரைக்கும் விடாமல், வலை அடித்த கூட்டிலோ பஞ்சாரத்திலோ வைத்துத் தீனி போட வேண்டும். தீனியும் தண்ணீரும் காக்கை, கொக்கு வாய் வைக்காதபடி மூடாப்புக்குள் இருக்கட்டும். குளத்துத் தண்ணீர் வேண்டாம்.

இனி நம் பங்குக்கு வருவோம். முட்டை அட்டை பண்ணைக்கும் கடைக்கும் வீட்டுக்குமாகச் சுற்றுகிறது. காகித அட்டையைக் கழுவ முடியாது. எச்சம் பட்ட அட்டையைத் திருப்பி அனுப்பாமல் எரித்துவிடுவதே மேல். பிளாஸ்டிக் அட்டையானால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்துப் பயன்படுத்தலாம். சோப்புக்கும் வெயிலுக்கும் இந்தக் கிருமி தாங்காது. அதே போல, பண்ணைகளில் தீவனம் இருந்த பழைய சாக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கி, அதில் குருணையும் தவிடும் கட்டிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு சாக்கில் மிச்சமாகும் சில ரூபாய்க்காக ஒரு தெருக் கோழிகளைப் பணயம் வைக்க வேண்டுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்குக் கொண்டு போய் விலை படியாமல் திரும்பும் கோழியும் இப்படித்தான். அதை நேரே பழைய கூட்டில் விடாமல் இரண்டு வாரமாவது தனியே கட்டிப் போட வேண்டும். புதிதாக வாங்கும் கோழிக்கும் இதுவே முறை. கோழி வியாபாரி கூட்டுக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே வியாபாரம் முடிந்தால் நல்லது.

பிளீச்சிங் பவுடர் கேட்டு வருவோருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எச்சத்தின் மேலேயே தூவினால் அது வேலை செய்யாது. முதலில் கூட்டிச் சுத்தம் செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, பிறகுதான் கரைத்துத் தெளிக்க வேண்டும். கூட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பைத் தனியே வைத்துக்கொள்வதும் நல்லது.

குழப்பம் வருவது வெள்ளைக்கழிச்சல் நோயால். அதிலும் கோழி தூங்கி விழும், கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், கூட்டம் கூட்டமாகச் சாகும். கண்ணால் பார்த்து இது அது என்று யாரும் சொல்ல முடியாது. மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் பறவைக் காய்ச்சலை உறுதி செய்கிறார்கள். கழிச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அரசு கால்நடை மருந்தகங்களில் போடுகிறார்கள். அதைப் போட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீரும். பறவைக் காய்ச்சலுக்கு அப்படி வீட்டுக் கோழிக்குப் போடும் ஊசி நம்மிடம் வழக்கத்தில் இல்லை.

இரண்டு மூன்று கோழி திடீரென்று செத்தால் பலர் செய்வது, மீதியை அவசரமாகப் பாதி விலைக்கு விற்பது. இல்லாவிட்டால் செத்ததைக் கன்னடியன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ எறிவது. இரண்டுமே நோயை அடுத்த ஊருக்கு அனுப்பும் வேலை. அத்தகைய கோழியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நாம் வாங்கக் கூடாது. கால்நடை மருத்துவருக்கோ 1962 எண்ணுக்கோ தகவல் சொல்லச் செய்ய வேண்டும். சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நல்ல கோழியையும் சேர்த்துத்தான் அழிக்கிறார்கள். ஆனால் அப்படி அழிக்கப்படுவதற்கு இழப்பீடு உண்டு. மறைத்து வைத்துத் தானாகச் செத்த கோழிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

சாப்பிடுவது பற்றி வாடிக்கையாளர் கேட்டால் பதில் எளிது. 70 டிகிரி சூட்டில் நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் கிருமி இருக்காது. நம் வீட்டுக் குழம்பு அதற்கு மேலேயே கொதிக்கிறது. ஆஃபாயிலையும் பச்சை முட்டையையும் மட்டும் அந்த நாட்களில் தவிர்க்கலாம். முட்டையை எடுத்துக் கொடுத்த கையைச் சோப்பால் கழுவிவிட்டு அடுத்த சரக்கைத் தொடுவது, கடைப் பையன்களுக்கு இன்றைக்கே சொல்லி வைக்க வேண்டியது.