55.42: ஒரே நேரம், இரண்டு ஓட்டங்கள்

2023 அக்டோபர் 2. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் முதல் சுற்றில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் எல்லைக்கோட்டைக் கடந்தபோது பலகையில் வந்த நேரம் 55.42 விநாடி. இந்தியத் தடகளத்தைக் கவனிப்பவர்களுக்கு அந்த எண் மனப்பாடம். 1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பி. டி. உஷா ஓடிய நேரமும் அதுதான். 39 ஆண்டுகளாக எந்த இந்தியப் பெண்ணாலும் எட்ட முடியாத தேசியச் சாதனையை வித்யா எட்டினார். ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்படியானால் வித்யா உஷாவுக்கு நிகரானவரா? கடிகாரத்தைக் கேட்டால் ‘ஆம்’ என்றுதான் சொல்லும். ஆனால் தடை ஓட்டத்தில் ஒருவருடைய தரத்தைச் சொல்லக் கடிகாரம் மட்டும் போதாது. அது ஏன் என்று புரிய, முதலில் இந்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்துத் தடைகளின் கணக்கு

400 மீட்டர் என்பது மைதானத்தை ஒரு முழுச் சுற்று வருவது. வழியில் பத்துத் தடைகள். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். அதன்பின் தடைக்குத் தடை 35 மீட்டர். பத்தாவது தடையைத் தாண்டிய பிறகு 40 மீட்டர் வெற்று ஓட்டம். பெண்களுக்கான தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 91.4.

தடையைத் தட்டிவிட்டால் ஆட்டம் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போதிய விசையோடு இடித்தால் முன்பக்கமாகச் சாயும்படிதான் தடையே செய்யப்படுகிறது. வேண்டுமென்றே தள்ளாதவரை, பக்கத்துப் பாதையில் ஓடுபவருக்கு இடைஞ்சல் செய்யாதவரை, தடை விழுவது குற்றமில்லை. தண்டனை வேறு வடிவில் வருகிறது: ஒவ்வொரு இடியும் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

இந்த ஓட்டத்தின் உண்மையான நுட்பம் தாண்டுவதில் இல்லை, இரண்டு தாண்டல்களுக்கு நடுவே இருக்கிறது. தடைக்குச் சுமார் இரண்டு மீட்டர் முன்னால் கால் எழும்ப வேண்டும், தடையைக் கடந்து ஒரு மீட்டரை ஒட்டி மண்ணில் இறங்க வேண்டும். மீதி ஏறக்குறைய 32 மீட்டரை எத்தனை தப்படியில் கடப்பது என்பதுதான் கேள்வி. மைதானத்தில் இதை ‘ஸ்டெப்’ என்பார்கள். உலகின் முன்னணி வீராங்கனைகள் பெரும்பாலும் 15 ஸ்டெப் வைக்கிறார்கள். ஆண்களில் சிறந்தவர்கள் 13.

15 ஒற்றைப்படை எண். ஒற்றைப்படையில் ஓடினால் எல்லாத் தடைகளையும் ஒரே காலை முன்னே வீசித் தாண்டலாம். ஐந்தாறு தடைகள் போனதும் கால் தளரும், தப்படி சுருங்கும், 15-ல் எட்டிய தூரத்துக்கு 16 தேவைப்படும். 16 என்றால் மறு காலை முன்னே போட்டுத் தாண்ட வேண்டும். அது பழகாதவர்கள் 17-க்கு மாறுவார்கள், அல்லது தடைக்கு முன்னால் குறுகிய அடி வைத்துத் தடுமாறுவார்கள். பார்வையாளர் ‘களைத்துவிட்டார்’ என்று நினைக்கும் இடத்தில் உண்மையில் கணக்குத் தவறியிருக்கும்.

எந்தக் கால் முன்னே என்பதும் முக்கியம். ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாக வளைகிறது. இடக்காலை முன்னே வீசுபவர் தன் பாதையின் உள்விளிம்பை ஒட்டியே ஓடலாம். வலக்காலை வீசினால் பின்தொடரும் இடக்கால் தடைக்கு வெளியே, உயரம் குறைவாகப் போய்விடும் ஆபத்து உண்டு. அப்படிப் போனால் தகுதியிழப்பு. அதைத் தவிர்க்கச் சற்று வெளியே தள்ளி ஓட வேண்டும், தூரம் கூடும்.

இதையெல்லாம் கற்க முழு 400 மீட்டர் சுற்றும், நிறையத் தடைகளும் வேண்டும். எட்டுப் பாதைக்கு எண்பது தடைகள். சென்னையின் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாறிலோ ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் இந்த ஓட்டத்தைப் பார்ப்பது அரிது என்பதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல, இடக் குறைவு. அதனால் இந்தியாவில் பலர் வேறு ஓட்டத்தில் பெயர் எடுத்துவிட்டுப் பிறகுதான் இதற்கு வருகிறார்கள்.

நந்தனத்திலிருந்து பாரிஸுக்கு

தென்னிந்தியாவில் இந்தக் கலையின் கதையைச் சொல்லச் சென்னையின் நந்தனத்தை விட்டுவிட முடியாது. அங்கே அண்ணா சாலையை ஒட்டி நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அமெரிக்கரான ஹாரி க்ரோ பக். ஊர்ப் பள்ளிகளின் ‘பி.டி. மாஸ்டர்’ என்ற உத்தியோகம் இங்கே வேரூன்றியதில் இந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியை வழிநடத்தியவரும் இதே பக்தான். அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவர் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லக்ஷ்மணன். கண்ணூர் அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது.

அதே மலபார்க் கரையில், பய்யோளியில் வளர்ந்து, கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் ஓ. எம். நம்பியாரிடம் பயிற்சி பெற்றவர் உஷா. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர்களில் வெள்ளி வென்றவர். அந்தப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத் தங்கம் எம். டி. வல்சம்மாவுக்கு, 58.47 விநாடியில். பெண்களுக்கான இந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1984-ல்தான் சேர்க்கப்பட்டது. விரைவோட்டக்காரியான உஷா அதற்காகவே தடைக்கு மாறினார்.

லாஸ் ஏஞ்சலிஸ் இறுதிப் போட்டியில் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கல் 54.61-ல் தங்கம். அமெரிக்காவின் ஜூடி பிரௌன் 55.20-ல் வெள்ளி. ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41-ல் வெண்கலம். உஷா 55.42. அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி என்பது சுமார் ஏழு சென்டிமீட்டர், நான்கு விரற்கடை. கோட்டருகே மார்பை முன்னே சாய்த்திருந்தால் கிடைத்திருக்கும் தூரம் அது.

வித்யாவுக்கும் ஒரு நூறில் ஒன்று உண்டு. ஹாங்சோவுக்கு மூன்று வாரம் முன்னால், 2023 செப்டம்பரில் சண்டிகரில் நடந்த போட்டியில் அவர் ஓடியது 55.43. சாதனையை அதே நான்கு விரற்கடையில் தவறவிட்டார்.

நான்கு அளவுகோல்கள்

இனி தீர்ப்புக்கு வருவோம். வேறு வேறு காலத்து ஓட்டக்காரர்களை ஒப்பிட நான்கு அளவுகோல்களை வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, அன்றைய உலகச் சாதனையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது. உஷா ஓடிய நாளில் உலகச் சாதனை, சோவியத் யூனியனின் மார்கரிட்டா பொனொமார்யோவா அதே கோடையில் ஓடிய 53.58. உஷாவுக்கும் அதற்கும் இடைவெளி 3.4 சதவீதம். வித்யா ஓடிய நாளில் உலகச் சாதனை, அமெரிக்காவின் சிட்னி மெக்லாக்லின் லெவ்ரோன் 2022-ல் ஓடிய 50.68. இடைவெளி 9 சதவீதத்துக்கும் மேல். 1984-ல் ஒலிம்பிக் வெண்கலத்தின் வாசல்வரை கொண்டுபோன 55.42, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரமான 54.85-ஐக்கூட எட்டாது. எண் நின்ற இடத்தில் நிற்கிறது, அதைச் சுற்றி உலகம் ஓடிவிட்டது.

இதே அளவுகோலை ஆண்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த அய்யாசாமி தருண் 2019-ல் 48.80 ஓடித் தேசியச் சாதனை படைத்தபோது உலகச் சாதனை 46.78. இடைவெளி 4.3 சதவீதம். தன் காலத்து உலகத்துக்கு நெருக்கமாக நின்ற தமிழ்நாட்டுத் தடை ஓட்டக்காரர் என்றால் தருணுக்கே முதலிடம் தர வேண்டியிருக்கும்.

இரண்டாவது, யாரோடு ஓடினார் என்பது. இதில் உஷாவின் கணக்கிலும் ஒரு கழித்தல் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கை சோவியத் யூனியனும் அதன் தோழமை நாடுகள் பலவும் புறக்கணித்தன. உலகச் சாதனையாளரே களத்தில் இல்லை. புறக்கணிப்பை மீறி வந்த சோஷலிச நாடுகளில் ஒன்று ருமேனியா. உஷாவின் கையிலிருந்து வெண்கலத்தைப் பறித்தவர் அந்த நாட்டுக்காரர் என்பது வரலாற்றின் குறும்பு. எல்லோரும் வந்திருந்தால் உஷா நான்காவதாக வந்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அது ஒலிம்பிக் இறுதி. வித்யா 55.42 ஓடியது ஆசிய விளையாட்டின் முதல் சுற்றில். மறுநாள் இறுதியில் 55.68 ஓடி வெண்கலம் வென்றார்.

மூன்றாவது, ஓட்டக்காரரின் தடையில்லா ஓட்ட நேரத்துக்கும் தடை ஓட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். பயிற்சியாளர்கள் மிகவும் நம்பும் கணக்கு இது. தடை இல்லாத 400 மீட்டர் நேரத்தைத் தடை ஓட்ட நேரத்திலிருந்து கழித்தால், பத்துத் தடைகள் ஒருவரிடம் எவ்வளவு வரி வசூலிக்கின்றன என்று தெரியும். மெக்லாக்லின் லெவ்ரோன் பின்னர் எட்டிய சிறந்த நேரங்கள், தடை ஓட்டத்தில் 50.37, தடை இல்லாத 400 மீட்டரில் 47.78. வரி 2.59 விநாடி. உஷாவின் சிறந்த 400 மீட்டர் நேரம் 1985-ல் ஓடிய 51.61. வரி 3.81 விநாடி. மிக அதிகம். இதன் பொருள், உஷா தடைகளை இன்னும் முழுமையாகக் கற்றிருக்கவில்லை என்பது. அவருடைய கால்களில் 55.42-ஐவிட நல்ல நேரம் ஒளிந்திருந்தது. இருபது வயதில், அரைகுறையாகப் பழகிய ஒரு கலையை வைத்துக்கொண்டு ஒலிம்பிக் பதக்கத்தை விரல்நுனியால் தொட்டார் என்பதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கும் வியப்பு.

நான்காவது, எத்தனை காலம் நிலைத்தார் என்பது. இந்த அளவுகோலின் உச்சத்தில் இருப்பவர் அமெரிக்காவின் எட்வின் மோசஸ். இயற்பியல் படித்த இவர், எல்லாத் தடைகளுக்கும் நடுவே 13 ஸ்டெப் என்ற கணக்கைக் கடைசிவரை காப்பாற்றி, 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 ஓட்டங்களில் தோற்காமல் இருந்தார். உஷா லாஸ் ஏஞ்சலிஸோடு நின்றுவிடவில்லை. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளத்தில் ஐந்து தங்கம், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம். இரண்டிலும் 400 மீட்டர் தடை ஓட்டம் அடக்கம்.

வித்யாவிடம் இந்த வகையில் சொல்ல இருப்பது ஒரே சீரான ஆட்டம். 55.43, 55.42, 55.68 என ஒரு மாதத்துக்குள் மூன்று ஓட்டங்கள், சுமார் கால் விநாடி இடைவெளியில். ஒரு நாள் காற்றடித்துக் கிடைத்த நேரம் அல்ல என்பதற்கு இது சான்று. ஹாங்சோவிலேயே பெண்கள் 4×400 தொடர் ஓட்டத்திலும் கலப்புத் தொடர் ஓட்டத்திலும் வெள்ளி வென்ற அணிகளில் ஓடினார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றார். 2025-ல் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியத் தடகளத்தில் மறுபடியும் தடை ஓட்ட வெண்கலம்.

தீர்ப்பு

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவு. வித்யா ஆசியத் தரத்து வீராங்கனை, தமிழ்நாடு தந்த மிகச் சிறந்த பெண் தடை ஓட்டக்காரர்களில் ஒருவர். ஆனால் உஷாவின் வரிசையில் அவரை இன்னும் வைக்க முடியாது. நேரம் ஒன்று, இடம் வேறு. இப்படிச் சொல்வது வித்யாவைக் குறைப்பது ஆகாது. 1984-ன் உஷாவை இன்றைய ஓட்டப் பாதையில், இறுகிய தட்டும் துள்ளும் நுரையும் அடியில் வைத்த இன்றைய ஆணிக் காலணிகளோடு ஓடவிட்டால் என்ன நேரம் வரும் என்று கேட்டுப் பாருங்கள், வித்யா ஓட வேண்டிய தூரம் புரியும்.

அந்தத் தூரம் எட்டாதது அல்ல. 55.42-ஐ 55-க்குள் கொண்டுவர, பத்துத் தடைகளில் ஒவ்வொன்றிலும் நூறில் ஐந்து பங்கு விநாடி மிச்சம்பிடித்தால் போதும், 54.92 ஆகிவிடும். அது நடக்குமா என்பதைத் தொலைக்காட்சியிலேயே கண்டுகொள்ளலாம். அடுத்த முறை அவர் ஓடும்போது யார் முன்னே, யார் பின்னே என்று பார்க்காமல், ஆறாவது தடையிலிருந்து ஸ்டெப்பை எண்ணுங்கள். எட்டாவது, ஒன்பதாவது தடைகளுக்கு முன்னால் கால் தயங்காமல் போனால், பலகையில் நேரம் வருவதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்திருக்கும்.