சூரிய மின்வேலிக்கு இரண்டாவது பேட்டரி

மழைக்காலத்தில் விடியும் முன்பே பேட்டரி தீர்ந்து மின்வேலி ஓய்ந்துவிட்டால், காட்டுப்பன்றிகள் புகுந்து ஒரே இரவில் நிலக்கடலையை அழித்துவிடும். இரண்டாவது பேட்டரி வாங்கும் முன், விவசாயிகள் வேலிக் கம்பியைத் தொடும் களைகளை அகற்றி, சூரியத் தகட்டின் தூசியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பல இடங்களில் இதுவே போதும்.

பேட்டரி சேர்ப்பதானால், ஒரே வகையில், ஒரே அளவில் இரண்டும் புதியதாக இருப்பது நல்லது. பழையது புதியதையும் கெடுக்கும். பாசிட்டிவை பாசிட்டிவுடனும், நெகட்டிவை நெகட்டிவுடனும் தடித்த ஒயரால் இணைக்க வேண்டும். 12 வோல்ட் மாறாது. 75 ஆம்பியர்-மணி 150 ஆகும். தொடராக இணைத்தால் 24 வோல்ட் பாய்ந்து வேலிக் கருவி பழுதாகலாம்.

பேட்டரி மின்சாரத்தைச் சேமிக்குமே தவிர உண்டாக்காது. சூரியத் தகடு சிறியதானால் இரண்டும் அரைகுறையாகவே சார்ஜ் ஏறி, விரைவில் வீணாகும்.