மூடியும் மூச்சுத் துளையும்

கயாக் என்னும் சிறு கடல் தோணியைத் தாமே செய்ய விரும்பும் நம் சங்க நண்பர்கள், அதன் மூடிகளைப் பற்றி என்னைக் கேட்பதுண்டு. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒன்று செய்து முடித்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

கயாக்கின் முன்னும் பின்னும் குறுக்குச் சுவரிட்டு அடைத்த காற்றறைகள் உள்ளன. தோணி கவிழ்ந்தாலும் மிதக்கச் செய்பவை அவையே. சாமான் வைக்க அவற்றின் மேல் வாய் வெட்டி மூடியிடுகிறோம். ஓர் அறையில் நீர் நிறைந்தால் அந்த முனை அமிழ்ந்து, மறுமுனை வானை நோக்கி எழும். பிறகு அதனைக் கடலில் வைத்தே இறைத்து மீட்பது மிகக் கடினம். ஆகவே மூடி உயிர் காக்கும் பொருள்.

இறுகப் பூட்டினால் நீர் புகாது என்று பலர் எண்ணுவர். நம் ஊர்க் கெட்டுவள்ளத்தைப் பாருங்கள். குட்டநாட்டு நெல்லைச் சுமந்த அவ்வள்ளங்களின் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தனர்; இடுக்கில் நாரை வைத்து, முந்திரிக்கொட்டையின் கரிய எண்ணெயைப் பூசினர். இரு வன்மைகளுக்கிடையே நசுங்கிக்கொடுக்கும் ஒரு மென்மையே நீரைத் தடுத்தது. நம் மூடியிலும் அப்படியே. வாயின் உட்புறம் ஒரு படி ஒட்டி, அதன்மேல் நுரை ரப்பர் பட்டை பதிக்க வேண்டும். நீரை உறிஞ்சும் பஞ்சு போன்ற நுரை ஆகாது. பட்டையின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, மூலையில் அன்றி நேர்ப்பக்கத்தில் ஒட்டுக. 4 மி.மீ. ஒட்டுப்பலகை மூடி வார் இழுக்கும் இடத்தில் தாழ்ந்து, பிற இடங்களில் எழும்பும். அடியில் இரு சட்டங்கள் ஒட்டினால் வளையாது. அறுத்த விளிம்புகள் எபாக்சிப் பிசினைக் குடிக்கும் மட்டும் பூசுக.

இனி, பலர் நம்ப மறுக்கும் செய்தி. நண்பகல் வெயிலில் அறைக்காற்று 50 பாகை சூடேறி, கடலில் இறக்கியதும் 28 பாகைக்குக் குளிர்வதாகக் கொள்வோம். அழுத்தம் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு குறையும். 25 செ.மீ. விட்டமுள்ள வட்ட மூடியின்மேல் அது 30 கிலோவுக்கு மேற்பட்ட சுமையன்றோ! ரப்பரில் சிறு பழுதிருந்தாலும் அறை நீரை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு மருந்து, குறுக்குச் சுவரின் மேற்பகுதியில், இருக்கைக் குழியை நோக்கி 2 மி.மீ. துளை ஒன்று. அவ்வழி காற்று வந்துபோகும். கவிழ்ந்தாலும் கசிவது சிறிதே. “ஓட்டையிட்டா நீரைத் தடுப்பது?” என்று என் நண்பர் சிரித்தார். கணக்கைக் காட்டிய பின்னரே துளைக்கும் கருவியைக் கையில் கொடுத்தார்.

பேணுவது எளிது. கடலிலிருந்து வந்ததும் நன்னீரால் கழுவுக. ரப்பருக்குத் தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ ஆகாது, உப்பி உருக்குலையும். முகப்பவுடர் சிறிது தூவினால் போதும். தென்மேற்குப் பருவமழையில் தோணி கிடக்கும் மாதங்களில் வார்களைத் தளர்த்தி வைக்க. இறுகிக் கிடந்தால் பட்டை தட்டையாகிவிடும். உப்பு அடைக்கும் துளையை மெல்லிய கம்பியால் குத்தி விடுக. மூடியை ஒரு கயிற்றால் தோணியோடு பிணைத்தும் விடுக. கழற்றிய மூடி அலையில் போய்விட்டால் வேறு மூடிக்குக் கடலில் எங்கே போவது?